பெரியப்பாவுக்கு இரவல் வாங்கிய கைத்தடி

தேவைக்கு மேல் யோசிப்பவர்களிடம் எந்தக் காரியத்தையும் ஒப்படைக்கக் கூடாது. என் பெரியப்பா தன்னையே என்னிடம் ஒப்படைத்தார்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு வேலூரில் வேலை கிடைத்து, பெண்கள் விடுதியில் தங்க வேண்டிய நிலை. அப்பா அம்மா இல்லாத என்னை வளர்த்த பெரியப்பா திருவண்ணாமலையில் தனியாகிவிடுவார்.

"நீ வேலைக்குப் போம்மா. நான் முதியோர் இல்லத்துல இருந்துக்கறேன்" என்று அவரே சொன்னார். அங்கே இடம் கிடைக்காவிட்டால் வேலையே வேண்டாம் என்று நானும் முடிவு செய்திருந்தேன்.

இல்லத்து டாக்டர் பரிசோதித்துச் சம்மதித்தால்தான் சேர்ப்பார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி, நோய் ஜாஸ்தி என்றால் இடம் நிச்சயம் என்று கணக்குப் போட்டேன் (பி.எஸ்ஸி. படித்த மூளை). இருமக் கற்றுக்கொடுத்தேன். கையை நடுங்க வைத்தேன். கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் அவருடைய நண்பரிடம் ஒரு கைத்தடியும் இரவல் வாங்கினேன்.

பெரியப்பா இளமையில் கூத்துக் கட்டியவர். சும்மா விடுவாரா? டாக்டர் நடக்கச் சொன்னதும் நாலு அடி வைத்து, சுவரைப் பிடித்து, இருமி, நாற்காலியில் சரிந்தார். எனக்கே கண் கலங்கியது.

"தானா எழுந்து, தானா குளிக்கிறவங்களத்தாம்மா இங்க சேர்ப்போம். படுக்கையில வெச்சுப் பாத்துக்க ஆளில்ல. இவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார் டாக்டர்.

"சார், அவர் நல்லாத்தான் இருக்கார். நடிச்சார் சார்."

டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உன் கஷ்டம் புரியுது. அதுக்காகப் பொய் சொல்லாதம்மா."

வீடு வரும்வரை அழுதேன். "நடிப்பு எப்படி?" என்று மட்டும் கேட்டார் பெரியப்பா.

அடுத்த பௌர்ணமி மாலை. வழக்கம்போல மலையைச் சுற்றக் கிளம்பிய பெரியப்பா, போகிற வழியில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தடியையும் அக்குளில் இடுக்கிக்கொண்டார். நானும் பின்னால் ஓடினேன் (அவர் நடந்தால் நான் ஓட வேண்டும்). அடி அண்ணாமலை டீக்கடை பெஞ்சில் வெறும் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதே டாக்டர். நான் ஒளிய இடம் தேடுவதற்குள் பெரியப்பா அவர் முன்னால் போய் நின்றுவிட்டார்.

"கால் கொப்புளிச்சிடுச்சா சார்? இந்தத் தடிய வெச்சுக்குங்க. இன்னும் பாதி வழி இருக்கு."

டாக்டர் தடியைப் பார்த்தார். மூச்சு வாங்காமல் நின்ற பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு நெஜமாத்தான் சொல்லியிருக்கு. நாளைக்கு வாங்க. இருமாம வாங்க" என்றார்.

பெரியப்பா அந்த இல்லத்தில் பல வருஷம் நிம்மதியாக இருந்தார். நான் வேலையில் நிலைத்தேன். அந்த டாக்டருக்கும் அவர் காலில் கிளம்பிய கொப்புளத்துக்கும் இன்றுவரை மனதார நன்றி சொல்கிறேன். எங்கள் வீட்டில் மட்டும் யாருக்கும் நிம்மதியாக இருமக்கூட வழியில்லை. லேசாகத் தொண்டையைச் செருமினாலே, "யாராவது அம்மாவப் பிடிங்க, தடி இரவல் வாங்கக் கிளம்பிடுவாங்க" என்கிறாள் என் மகள்.