மாமாவிடம் இல்லாத பெல்ட்

நான் ஒருமுறை கணவாய்க்கறிக்காக என் மாமனாரைக் காட்டிக்கொடுத்தவன். காட்டிக்கொடுக்கும் அளவுக்கு அந்த மனுசனிடம் குற்றம் எதுவும் இருக்கவில்லை. ஆகவே குற்றத்தையும் நானே செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. இதை எழுதும்போதும் காதுமடல் சுடுகிறது.

தர்சினியும் நானும் சொந்தமாக ஒரு கதிரைகூட இல்லாமல் ஊர் ஊராக இருந்து வேலை செய்கிற சோடி. 'டிஜிட்டல் நாடோடிகள்' என்று இதற்கு ஒரு கௌரவமான பெயர் உண்டு. (என் அம்மா வைத்திருக்கும் பெயர் 'ஊர்சுத்தியள்'.) நான் வெளிநாட்டுக் கடைகளுக்கு இணையத்தளம் செய்துகொடுக்கிறவன். அவள் தொலைக்காட்சி நாடகங்களுக்கு உபதலைப்பு எழுதுகிறவள். இரண்டு முதுகுப்பை, இரண்டு லப்டொப். எங்கே சிக்னல் நாலு கோடு காட்டுகிறதோ அங்கே இரண்டு மாதம். அப்படித்தான் உப்புவெளியில் பூமணி அக்கா வீட்டு மேல்மாடிக்கு வந்து சேர்ந்தோம். கீழே அக்காவும் அவருடைய கணவர் குணம் அண்ணையும் இருந்தார்கள். அண்ணை விடியக் கடலுக்குப் போய்ப் பத்து மணிக்குத் திரும்புவார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர்போல் இருப்பார்.

எங்களைக் கீழேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று நான் யோசித்ததே இல்லை. பகல் முழுக்க யன்னல் சீலை இழுத்து மூடியிருக்கும் (திரையில் வெயில் அடித்தால் நிறம் பிழைக்கும்). கதவு உள்ளே பூட்டியிருக்கும் (வீடியோ கோலில் வெள்ளைக்காரன் இருப்பான்). வாசலில் எந்த வாகனம் நின்றாலும் நான் ஓடிவந்து சீலையை விலக்கி எட்டிப் பார்ப்பேன் (ஓடர் பண்ணிய ரவுட்டர் ஒரு கிழமையாக வரவில்லை). தர்சினி தேத்தண்ணி போடக் கீழே குசினிக்கு வரும்போதெல்லாம் கண் சிவந்திருக்கும். நாடகத்தில் மருமகளை மாமியார் துரத்தினால் இவள் ரைப் பண்ணிக்கொண்டே அழுகிற ஆள். எல்லாவற்றுக்கும் மேலாக, கழுத்தில் தாலி இல்லை. மாட்டை அவிழ்த்துவிட்டு அந்தக் கயிற்றைத் தங்கத்தில் செய்ததுபோல ஒரு தாலிக்கொடியை மாமி செய்வித்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஊர் சுற்ற ஏலாது என்று யாழ்ப்பாணத்தில் வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வந்திருந்தோம்.

வந்து பத்தாம் நாள், நான் மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். அக்கா படியேறி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, எனக்கு எல்லாம் விளங்கும். நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

"என்னக்கா?"

"அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திட்டீங்கள், என்ன? பயப்பிடாதேங்கோ. இஞ்ச வந்து உங்களை ஒருத்தரும் தொடேலாது."

இந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்து, "ஐயோ அக்கா, எங்களுடையது பேசிச் செய்த கலியாணம்" என்று சொல்லியிருக்க வேண்டும். உண்மையும் அதுதான். தரகர் கொண்டுவந்த சாதகம், பார்த்துப் பார்த்துப் பொருத்திய பொருத்தம், மாமா நேரில் வந்து என் வேலை, பல்வரிசை எல்லாம் விசாரித்துவிட்டுப் போனது, எல்லாம் முறைப்படி நடந்தது. தர்சினியை நான் தனியே சந்தித்துக் கதைத்தது கலியாணத்துக்குப் பிறகுதான். அப்படிப்பட்ட என்னை நம்பி ஒரு பெண் வீட்டைவிட்டு ஓடிவந்தாள் என்று உலகத்தில் முதல்முதலாக ஒருவர் நினைக்கிறார்! என் மூஞ்சிக்கு இந்த மரியாதையை ஒருவரும் தந்ததில்லை. நான் கையில் ஈரச்சாரத்துடன் தூரத்தில் கடலைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

அன்று மத்தியானம் நண்டுக்கறியும் சோறும் மேலே வந்தன.

அந்த நண்டைச் சாப்பிட்டவன் பிறகு உண்மை பேசுவது கஷ்டம். மறுநாள் சூடைப் பொரியல், அதற்கடுத்த நாள் முருங்கைக்காய் போட்ட இறால். "வாடகையோட சாப்பாடும் சேர்த்தி" என்று தர்சினியிடம் சொல்லிவிட்டேன். அக்காவும் அவளிடம் இதைப் பற்றி ஒரு சொல் எடுக்கவில்லை. அந்தப் பிள்ளையின் மனது நோகக்கூடாதாம். பக்கத்து வீட்டு ரேடியோவைக்கூட அக்கா போய்க் குறைப்பித்தார். "பாவம், பயந்துபோய் இருக்குதுகள்" என்று மதிலுக்கு மேலால் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்கு அப்போது வந்தது வெட்கம் இல்லை. கோல் நேரத்தில் இனிச் சத்தம் வராது என்ற சந்தோசம்தான் வந்தது.

கணவாய்க்கறி வந்த அன்று அக்கா பக்கத்தில் இருந்துவிட்டார். தர்சினி உள்ளே வேலையில் இருந்தாள்.

"தகப்பன் ஆக்கள் பொல்லாதவையோ தம்பி?"

என் வாய் நிறையக் கணவாய். பதில் சொல்லுமுன் யோசிக்க நேரம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"பெல்ட்டால அடிச்சவர் அக்கா" என்றேன்.

மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற தபாலதிபர். வீட்டில் கரப்பான் பூச்சி வந்தால் பேப்பரில் ஏற்றிக்கொண்டுபோய் வேலிக்கு வெளியே விடுகிறவர். வெள்ளிக்கிழமைகளில் போன் எடுத்து, மகளிடம் கேட்குமுன் என்னிடம் "தம்பி சாப்பிட்டீங்களோ?" என்று கேட்கிறவர். ஆயுளில் வேட்டியைத் தவிர வேறெதுவும் இடுப்பில் ஏறாதவர். அவரை நான் ஒரு வாய் கணவாய்க்கு விற்றேன்.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "என்ர மகளும் இப்பிடித்தான் ஒருத்தனோட போனவள். பாலையூத்திலதான் இருக்கிறாள், பஸ்ஸில போனா அரை மணித்தியாலமில்லை. திரும்பி வந்து வாசல்ல நிண்டவள் தம்பி. இவர் கதவைத் திறக்கேல்லை. நானும் திறக்கேல்லை." சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நெஞ்சுக்குள் எனக்கு என்னவோ குத்தியது. இப்போதாவது சொல்லிவிடு என்று குத்தியது. வாயைத் திறந்தேன். "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்டார் அக்கா. மூடிக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்து அக்கா சொன்னார், "வெள்ளிக்கிழமை காலமை ரெண்டு பேரும் வெளிக்கிட்டு நில்லுங்கோ. அம்மன் கோயில்ல ஒரு சின்னப் பூசை." தர்சினிக்குத் தன் கூறைச்சேலையைக் கொடுத்தார். எனக்கு அண்ணையின் பட்டுவேட்டி. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நானோ கண்ணாடியில் பார்த்து, வேட்டி எனக்கு வடிவாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

கோயிலில் அயலட்டை ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் குளித்து முழுகி நின்றார்கள். இரண்டு மாலை இருந்தது. ஐயர் கொண்டுவந்த தட்டில் தேங்காய், வெற்றிலை, மஞ்சள் கயிற்றில் கோத்த ஒரு சின்னத் தங்கத் தாலி.

"அக்கா, இது ஆருக்கு?" என்றாள் தர்சினி.

"வெக்கப்படாதேங்கோ பிள்ளை. தம்பி எனக்கு எல்லாம் சொன்னவர். இனி உங்களை ஒருத்தரும் ஒரு கதை சொல்லேலாது."

தர்சினி என்னைப் பார்த்தாள். நான் அம்மனைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. வெள்ளிக்கிழமை அல்லவா. "அப்பா எடுக்கிறார்" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, அக்கா போனைப் பறித்துவிட்டார்.

திரையில் மாமா. நெற்றியில் ஈர விபூதி. "வணக்கம்… ஆர் கதைக்கிறது?"

"ஆரெண்டோ கேக்கிறீங்கள்? பெத்த பிள்ளையைப் பெல்ட்டால அடிச்ச கையால இப்ப போனும் எடுக்கிறீங்களோ? கொஞ்சமாவது நெஞ்சில ஈரம் இருக்கோ ஐயா?"

மாமா ஒருமுறை திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "என்னட்டப் பெல்ட் இல்லையே அம்மா" என்றார். (தபாலதிபர்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவர்கள்.)

"இந்தப் பெடியனில நீங்கள் என்ன குறையைக் கண்டனீங்கள்?"

"தம்பியிலயோ? ஒரு குறையும் இல்லை அம்மா. தங்கமான பிள்ளை. நான்தானே பாத்துக் கட்டி வச்சனான். அறுநூறு பேருக்குச் சாப்பாடு போட்டுச் செய்தனாங்கள்."

பத்துப் பன்னிரண்டு தலைகளும் மெல்ல என் பக்கம் திரும்பின. தங்கமான பிள்ளை பட்டுவேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

தர்சினி ஒரே ஒரு சொல்தான் கேட்டாள். "பெல்ட்டோ?"

அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஐயரிடமிருந்து தட்டை வாங்கினார். தாலியை எடுத்துக் கைக்குள் பொத்தினார். குணம் அண்ணைதான் அன்று வாயைத் திறந்தார். "தோட்டை அழிச்செல்லோ அதைச் செய்விச்சவ" என்றார் யாருக்கென்றும் இல்லாமல். அப்போதுதான் நான் அக்காவின் காதைப் பார்த்தேன். இரண்டு காதிலும், துளை தூர்ந்துபோகாமல் செருகிய ஈர்க்குத் துண்டு. தினமும் இரண்டு வேளை எனக்குச் சோறு போட்ட மனுசி, காதில் தோடு இல்லாமல் எத்தனை நாளாக என் முன்னால் நின்றாரோ, நான் தட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"பசிச்சாக் கேட்டிருக்கலாமே தம்பி" என்றார் அக்கா. "சோறு போடுறதுக்கு நீங்கள் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கத் தேவையில்லையே."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாடு வராது என்று நினைத்தேன். வந்தது. ஒரு தட்டு. அதுவும் தர்சினிக்கு. அவள் என் முன்னாலேயே, விரல் சூப்பிச் சாப்பிட்டாள். மிச்சம் இருந்த நாட்களெல்லாம் நான் சந்திக் கடைப் பாணும் பருப்பும்தான். தோடு செய்துதருகிறோம் என்று தர்சினி எத்தனையோ தரம் கெஞ்சினாள். "எனக்கெதுக்குப் பிள்ளை தோடு" என்றுவிட்டார். சாமிக்கு முன்னால் வைத்த தாலியை அழிக்கவும் ஏலாதாம். அது அலுமாரிக்குள் கிடக்கிறது, மகள் வந்தால் கொடுப்பாராம். மகள் வந்தாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை.

மாமா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பிறந்தநாளுக்கு மச்சான்மார் சேர்ந்து அவருக்கு ஒரு தோல் பெல்ட் வாங்கிக் கொடுத்தார்கள். அவர் அதை வேட்டிக்கு மேல் கட்டிப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் 'பெல்ட்' என்பது இப்போது ஒரு சொல். யாராவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், குழந்தைகள்கூட "பெல்ட்டோ?" என்று கேட்கும். மாமாவும் அக்காவும் வெள்ளிக்கிழமைகளில் போனில் கதைக்கிறார்கள். என்ன கதைக்கிறார்கள் என்று நான் விசாரிப்பதில்லை.

போன மாதம் நாங்கள் பண்டாரவளையில் இருந்தோம். தர்சினி அக்காவுடன் வீடியோ கோலில் இருந்தாள். ஒருநாளும் இல்லாத அதிசயமாக அக்கா, "தம்பி என்ன செய்யிறார்?" என்று கேட்டார். தர்சினி போனை என் பக்கம் திருப்பினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து லப்டொப்பின் முதுகுப் பக்கத்தைக் காட்டினேன்.

"வேலை செய்யிறன் அக்கா. தலைக்கு மேல வேலை."

அக்கா கண்ணாடியைச் சரிசெய்து என்னைப் பார்த்தார். காதில் அதே ஈர்க்கு.

"பெல்ட்டோ தம்பி?" என்றார்.

அந்தப் பக்கம் குணம் அண்ணை சிரித்த சத்தம் கேட்டது. தர்சினி கண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே லப்டொப்பை மெல்லச் சாய்த்து மூடினேன். அதில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.