பட்டன் அண்ணன் கவிழ்த்த வாளி

மட்டாஞ்சேரியில் மட்டுமல்ல, கேரளம் முழுக்கத் தேடினாலும் பட்டன் அண்ணனைப் போல் பயந்த மனிதர் கிடைக்க மாட்டார். அதுவும் அடுத்தவர் குழந்தைக்காகப் பயப்படுகிறவர்.

தொழில், வீடு வீடாகத் துணி வாங்கிப் போய்த் தேய்த்துக் கொடுப்பது. சட்டையில் ஒரு பட்டன் லேசாக ஆடினாலும் போதும், பிடுங்கி எடுத்துவிடுவார். குழந்தை விழுங்கிவிடுமாம்! வில்லிங்டன் தீவுத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் எங்கள் மாடி வீட்டுக்காரர், தெரியாமல் அப்படியொரு சட்டையை மாட்டிக்கொண்டு போய், மேலதிகாரி முன்னால் தொப்பையைக் கையால் பொத்தியபடி அரை மணி நேரம் நின்றார். இத்தனைக்கும் மாடி வீட்டுக்காரருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"நீங்க பஸ்ல போவீங்கல்ல சாரே? பக்கத்து சீட்ல ஏதாச்சும் கொச்சுக் குழந்தை இருக்கும்ல?" என்றார் அண்ணன்.

என் மகள் தவழ ஆரம்பித்ததும் அவர் பார்வை எங்கள் வீட்டின் மேல் விழுந்தது. துணி மூட்டையை வாசலில் போட்டுவிட்டு, மண்டியிட்டுத் தானும் தவழ்ந்தார். "நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. அவ கண்ணு இருக்கிற உயரத்துல பாக்கணும்."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் ஊக்கு, ஓர் ஏலக்காய், என்றோ தொலைந்த கம்மல் திருகாணி எல்லாம் வெளியே வந்தன. அன்றிலிருந்து எனக்குப் பிளக் ஓட்டையைப் பார்த்தாலும் பயம், மேசை முனையைப் பார்த்தாலும் பயம். ஆபீஸிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை வீட்டுக்குப் போன் செய்தேன்.

என் மனைவி செல்விக்கு மட்டும் அவரைக் கண்டாலே ஆகாது. எங்கள் தெருக் குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். பிடித்து வைத்தால்தான் பொழுது ஓடும். அண்ணனோ தரையில் வாளியோ குடமோ நிறைந்திருந்தால் கையோடு கவிழ்த்துவிடுவார்.

"அண்ணே, கஷ்டப்பட்டுப் பிடிச்ச தண்ணி!"

"ஒரு ஜாண் தண்ணி போதும் தங்கச்சி. தலைகுப்புற விழுந்தா கொச்சுக்கு நிமிரத் தெரியாது."

"மூடி வைக்கிறேனே?"

"வைப்பே. ஒருநாள் மறப்பே."

"உங்களுக்கென்ன, பிள்ளையா குட்டியா?" செல்வி சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அண்ணன் கோபப்படவில்லை. "எனக்குன்னு ஒண்ணு இருந்தா அது ஒண்ணுக்குத்தானே பயப்பட்டிருப்பேன்?" என்றார்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தார், குளியலறை வாளியையும் அடுப்படிக் குடத்தையும் கவிழ்த்தார், திட்டு வாங்கிக்கொண்டு போனார். செல்வி கோபத்தோடு காலி வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வாசலில் மீன்காரரிடம் பேரம் பேசப் போனாள். நான் போனில் இருந்தேன். திரும்பிப் பார்த்தால் மகளைக் காணோம்.

கட்டிலுக்கு அடியில் இல்லை. அடுப்படியில் இல்லை. குளியலறைக் கதவு திறந்திருந்தது. வாளிக்கு மேலே இரண்டு குட்டிப் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

என் கால் நகரவில்லை. செல்வியைக் கூப்பிட நினைத்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகுதான் வாளிக்குள்ளிருந்து வீறிட்ட அழுகை காதில் விழுந்தது. அழுகிறாள் என்றால் மூச்சு இருக்கிறது. வாரி எடுத்தேன். தலைமுடிகூட நனையவில்லை. நெற்றியில் ஒரு புடைப்பு, அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு இரண்டு வீடு தள்ளியிருந்து ஓடிவந்த அண்ணன், விஷயம் தெரிந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்றார். வீட்டில் ஏது தண்ணீர்?

செல்வி பக்கத்து வீட்டுக்கு ஓடி ஒரு செம்பு தண்ணீர் வாங்கி வந்தாள். அதை அவர் கையில் கொடுத்து, குழந்தையை அவர் மடியில் உட்கார வைத்தாள்.

அண்ணன் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. மகள் கைக்கு எட்டாதபடி செம்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.