உச்சி இணைப்பின் மேல் படையெடுத்த படலம்

எஃகின் அயர்வை எண்ணால் அளந்த ஏந்தல், விரிசல் எனும் பகைவனை வரைபடத்திலேயே வளைத்துப் பிடிக்கும் வித்தகன், மூக்குக்கண்ணாடி அணிந்த பாலக்காவலன், நம் ஆய்வுப் பொறியாளன் வாழ்க! அவன் புகழ் பாட நமக்கு நாவன்மை போதாது. ஆனாலும் பாடாமல் விடுவதாக இல்லை.

வண்டிகள் ஏறி இறங்க, ஏறி இறங்க, எஃகும் ஒருநாள் அலுத்து விரிசல் விடும் என்பதும், பாலத்தில் பற்றவைத்த எல்லா இணைப்பையும் எந்நாளும் பார்க்க எந்த மன்னனிடமும் ஆள்படை இல்லை என்பதும் அறிந்த அப்பெருமகன், எது விரைவில் விரியும், விரிந்தால் எவ்வளவு கேடு என இரண்டையும் பெருக்கி, ஆபத்து மிக்கதை முன்னும் அற்பத்தைப் பின்னுமாகப் பாலத்தின் இணைப்புகளை அணிவகுத்தான். கடைசியில் நின்றது உச்சி இணைப்பு. அதைப் பல்லாண்டுக்குப் பார்க்கவே வேண்டாம் என்று ஆணையிட்டான்.

வெல்டரான அவன் மனைவியின் அண்ணனோ, அதுதான் முதலில் வாயைப் பிளக்கும் என்று சாப்பாட்டு மேசையில் கொளுத்திப் போட்டார். சீறியது சிங்கம்.

"அது விரிஞ்சா நான் உங்களுக்கு எடுபிடியா வர்றேன் மச்சான். இது சத்தியம்."

சபதம் செய்தாயிற்று. தன் கணக்கைத் தானே நம்பாத அத்தறுகணாளன், விடுமுறை நாளில், ஒருவருக்கும் தெரியாமல், பாலத்தின் இரும்பேணியில் ஏறினான். ஐயகோ! உச்சி இணைப்பில், கரிய நூலென, ஒரு கோடு! எடுபிடி வாழ்வு கண்முன் நிழலாட, கைக்குட்டை எனும் வாளை உருவித் துடைத்தான், தேய்த்தான், எச்சில் தொட்டும் தேய்த்தான். கோடு கையோடு வந்தது. யாருடைய தலைமுடியோ! வானவரே, பூமாரி பொழிக, கணக்கு வென்றது, குலம் தழைத்தது எனப் புறாக்கள் அஞ்சிப் பறக்க முழங்கி, வெற்றிவேந்தன் இறங்கக் கால் வைத்தான்.

ஏணிப்படி கையை விரித்தது. ஒரு முனை அறுந்து தொங்க, அடுத்த படி காலுக்கு எட்டவில்லை. ஏணியும் எஃகுதானே! மிதிபட்டு மிதிபட்டு அதுவும் அலுத்திருந்தது. அணிவகுப்பில் அதற்கு மட்டும் இடம் கொடுக்க மறந்திருந்தான் மகாபுத்திசாலி. தூணைத் தழுவி, மானம் துறந்து, மச்சானைக் கைப்பேசியில் அழைத்தான்.

"உச்சி நல்லாத்தான் இருக்கு மச்சான். நான்தான் மாட்டிக்கிட்டேன். கொஞ்சம் வந்து எறக்கி விடுங்க."

வேறோர் ஏணியைச் சாத்திவிட்டு, அவர் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"மாப்ளே, இந்த ஏணி உங்க கணக்குல எத்தனாவது எடம்?"

மறுநாள் மச்சான் அந்தப் படியைப் பற்றவைத்தபோது, அதைப் பிடித்துக்கொண்டு நின்றது அவன்தான்.