கலாவதி மகளின் காப்புறுதியை வரிப்படிவத்தில் ஏற்றிய படலம்

வாழ்க கலாவதி! பேர்ண் நகரத்து மருத்துவமனையில் மலையெனக் குவியும் வெள்ளைத் துணிகளை வெளுத்து மடித்து வாகை சூடிய வன்கரத்தாள், தயாபரன் என்னும் தண்மொழியானைக் கணவனாய்க் கொண்ட தளரா நெஞ்சினாள், ஆண்டுதோறும் வரிப்படிவம் என்னும் அரக்கனைக் கணினித் திரையில் எதிர்கொண்டு வீழ்த்தும் வீரத் திருமகள், அவள் புகழை எம் எளிய நா எங்ஙனம் பாடும்!

பங்குனி மாதத்து ஞாயிறு முற்பகலில், மூக்குக்கண்ணாடியே முடியாக, அவள் சமையலறை மேசையாகிய போர்க்களம் புகுந்தாள். சம்பளச் சான்று சரிந்தது. வங்கி வட்டி மண்டியிட்டது. தயாபரனின் பேருந்துச் செலவு வெள்ளைக்கொடி காட்டிற்று. அங்ஙனம் வெட்டி முன்னேறியவளின் எதிரே மதிலாய் எழுந்தது ஒரு பக்கம்: பெற்றோரின் வருமானத்தில் தங்கிவாழும் பிள்ளை, அப்பிள்ளைக்குச் சென்ற ஆண்டு கட்டிய, கிராங்கன்காசை எனப்படும் மருத்துவக் காப்புறுதி, அதற்கான சான்று.

சான்றோ, எங்கடின் பள்ளத்தாக்கின் விடுதியொன்றில் தொழில் பழகும் மகள் ஹரிஷாவின் கைத்தொலைபேசிக்குள், பனிமலைக் கோட்டையில் சிறைப்பட்ட இளவரசியைப்போல் கிடந்தது. பதினெட்டு வயது கடந்தவளுக்கே காப்புறுதி நிறுவனம் தன் ஓலைகளை எல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தது. கலாவதி அழைத்துக் கேட்டாள். காலை உணவு முடிந்த மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த மகள், நாணேற்றிய வில்லாய் நிமிர்ந்து அம்பு தொடுத்தாள்.

"அம்மா, அதை நான் என்ர படிவத்தில போடப்போறன். கிராங்கன்காசை இப்ப நான்தானே கட்டுறன். நான் ஒருத்தரிலயும் தங்கி இல்லை."

அந்தோ! ஆயிரம் முரசுகள் ஒருங்கே கிழிந்தனபோல் அதிர்ந்தது அன்னை நெஞ்சு. பெற்றுப் பெயரிட்டு, காய்ச்சல் தோறும் மடியில் கிடத்திய மகவு, படிவத்தின் ஒரு கட்டத்தை விட்டு வெளியேறுவதோ! சமாதானத் தூதனாய்த் தயாபரன் நெருங்கினான்.

"இஞ்சேரும், அந்தக் கட்டத்தை வெறுமையா விடுமன்."

கலாவதி பார்த்தாள். அந்தப் பார்வையின் வெம்மை தாளாது அவன் பால்கனிக்குப் புறமுதுகிட்டான்.

இதுவே தருணமென்று காத்திருந்த வஞ்சக இணையத்தளம், நெடுநேரம் அசைவில்லை எனக் குற்றஞ்சாட்டி அவளைக் களத்தினின்றும் வெளியே தள்ளிக் கதவடைத்தது. அவள் கடவுச்சொல் என்னும் மந்திரத்தை ஓதினாள், பிழைத்தது. மீண்டும் ஓதினாள், கதவு திறந்தது. உள்ளேயோ, வெட்டுண்டு வீழ்ந்த சம்பளச் சான்றும் வட்டியும் பேருந்துச் செலவும் காயமொன்றுமின்றி எழுந்து நின்று அவளை நோக்கி நகைத்தன. சேமிக்க மறந்திருந்தாள். கலங்கினாளோ? கலங்கினாள். ஆயினும் பேர்ண் நகரைச் சுற்றிச் சீறிவரும் ஆரே நதியைப்போல் விரல்கள் பாய, அத்தனை பேரையும் மறுபடி வீழ்த்தி, அதே மதிலின் அடியில் நின்று, மகளை மீண்டும் அழைத்து, எங்கடின் சிகரங்கள் எதிரொலிக்கத் தன் பிரகடனத்தை விடுத்தாள்.

"நீ கட்டு பிள்ளை, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனா போன வருசம் முழுக்க நான்தான் கட்டினனான். போன வருசத்துக்கு நீ என்னிலதான் தங்கி இருந்தனீ."

மலையரணிலிருந்து சிரிப்பொலி கிளம்பியது.

"ஓம் அம்மா. போன வருசம் உங்கட. இந்த வருசத்தில இருந்து என்ர."

சான்று பறந்து வந்தது. மதில் பொடிபட்டது. வெற்றிக் களிப்பில் விண்ணவர் பூச்சொரிய, தங்கிவாழும் பிள்ளை என்னும் கட்டத்தில் ஹரிஷா என்னும் திருப்பெயரை அவள் இறுதி முறையாகப் பொறித்து, அதன்மேல் சற்று நேரம் விழி பதித்திருந்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

பிறகு மத்தியானச் சமையலுக்கு வெங்காயம் உரித்தாள்.