மெத்தையில் பதிந்த மாப்பிள்ளை

யாராவது எனக்கு ஒரு வேலையை இப்படிச் செய் என்று சொன்னால், சொன்னதை மட்டும் செய்ய எனக்கு வராது. என் பங்குக்குக் கொஞ்சம் புத்திசாலித்தனத்தையும் சேர்ப்பேன். அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், என் கல்யாணச் சீர்வரிசையில் அந்த மெத்தை வந்திருக்காது.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் அட்மிஷன் பிரிவில் வேலை. ஜூன் மாதம் முழுக்க, இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டு, பெற்றோர்களுக்கெல்லாம் பதில் சொன்னேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனைக் கீழே வைத்தேன். தலை மட்டும் நிமிரவில்லை. இடது தோள் பக்கமாகச் சாய்ந்தபடி அப்படியே நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும். ஏற்கெனவே ஐந்து இடங்கள் தட்டிப்போயிருந்தன (அப்போதெல்லாம் கழுத்து நேராகத்தான் இருந்தது). இந்தப் பெண்ணின் பெயர் ஹேமா. போட்டோவில் பார்த்ததுமே எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இதுவும் கை நழுவிப் போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்தேன். பெண் வீடு பீர்க்கன்கரணையில் என்பது வரை தெரியும். விலாசம், இந்த வரனைக் கொண்டுவந்த மாமாவின் போனில் இருந்தது.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தப் பொண்ணு காபி நீட்டும்போது நீ தோளைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா, என்னடா நினைப்பாங்க?"

அலுவலக நண்பன் பிரபாகர்தான் ஷியாட்சு என்று ஒரு மசாஜ் இருப்பதைச் சொன்னான். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் சரோஜா மேடம் என்று ஒருவர், ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட், செய்கிறாராம். தூக்கம் வராமல் தவித்த அவன் மனைவி, அங்கே போய் வந்த பிறகு குறட்டை விடுகிறாளாம். உடனே போன் செய்தேன். அடிபட்டதா, எலும்பு முறிந்ததா, பிரஷர் உண்டா என்று நிதானமாக விசாரித்துவிட்டு, மறுநாள் காலை வரச் சொன்னார்.

"லூஸா காட்டன் டிரஸ் போட்டுக்கிட்டு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க தம்பி. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மற்றதையெல்லாம் அவர் தலையில் கட்டலாமா? மசாஜ் என்றால் எண்ணெய். அதுவும் சனிக்கிழமை. வயதானவருக்கு எதற்குச் சிரமம் என்று, அம்மா மிளகும் பூண்டும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நானே தேய்த்துக்கொண்டேன். மேலே பழைய காட்டன் சட்டை, வேட்டி. இரும்புலியூரிலிருந்து ஷேர் ஆட்டோ. பெருங்களத்தூர் வருவதற்குள் என் பக்கத்தில் இருந்த இருவர் இறங்கிவிட்டார்கள். என்னவோ அவசரம் என்று நினைத்தேன்.

வெளிப்படிக்கட்டு ஏறினால் மாடியில் அவர் அறை. தரையில் வெள்ளை வெளேரென்று ஒரு பஞ்சு மெத்தை. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று அவர் உள்ளே போனார். நேரத்தை வீணாக்காமல் நான் சட்டையைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டி, மெத்தையில் குப்புறப் படுத்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் என்னைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார். பிறகு, "தம்பி, சட்டையப் போடுங்க" என்றார்.

ஷியாட்சு என்றால் ஜப்பான் மொழியில் விரலால் அழுத்துவது என்று அர்த்தமாம். எண்ணெய் கிடையாது. உடுத்திய உடையோடுதான் செய்வார்களாம். எழுந்து பார்த்தேன். மெத்தையில் நான் இன்னும் படுத்திருந்தேன். தலை, தோள், தொப்பை, கால்கள் எல்லாம் பழுப்பு நிறத்தில், கழுத்து மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து.

பாவம், அவர் திட்டவில்லை. அந்த மெத்தையிலேயே என்னை மறுபடி படுக்க வைத்து, துண்டைப் போர்த்தி, முதுகில் கட்டைவிரலை வைத்தார். முடிவெட்டும் கடையில் செய்வது மாதிரி ஒரே திருப்பில் சொடக்கு எடுப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கழுத்துப் பக்கமே வரவில்லை. இடுப்பு, முதுகு, உள்ளங்கை என்று போனார். நான் மூச்சை விடும்போது மெல்லச் சாய்ந்து அழுத்தினார். இழுக்கும்போது விட்டார்.

"எப்ப கழுத்தைத் திருப்புவீங்க மேடம்?"

"திருப்ப மாட்டேன். இது வைத்தியம் இல்ல தம்பி. வலி போகலைன்னா திங்கக்கிழமை டாக்டரைப் பாருங்க. நீங்க எவ்வளவு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியல. அதை உடம்புக்கு எடுத்துச் சொல்றேன், அவ்வளவுதான்."

தோள் மெல்ல இளகியது. எத்தனை மாதமாக அதைக் காதோடு தூக்கி வைத்திருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. அழுகையோடு வாயும் திறந்துகொண்டது. நாளைக்குப் பெண் பார்க்கப் போவது, பெண்ணின் அப்பா போனில் பேசினால் தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருப்பது, எனக்குச் சமையலில் ஆர்வம் என்று மாமா ஜாதகத்தோடு எழுதி அனுப்பியது, உண்மையில் எனக்கு வெந்நீர் மட்டும்தான் வைக்கத் தெரியும் என்பது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கட்டைவிரல் ஒரு கணம் நின்றது. "பொண்ணு பேரு என்ன?"

சொன்னேன். விரல் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தியது. "இங்க பேசினது இந்த ரூமைத் தாண்டாது தம்பி" என்றார். எவ்வளவு பண்பான மனுஷி என்று நெகிழ்ந்தபடி வீட்டுக்கு வந்தேன். கழுத்து முக்கால்வாசி நிமிர்ந்திருந்தது.

ஞாயிறு காலை இரண்டு முறை சீயக்காய் தேய்த்துக் குளித்தும் பூண்டு வாசனை போகவில்லை. ஆட்டோ ஏரியைத் தாண்டித் திரும்பியது. அதே தெரு. அதே கேட். இறங்க மாட்டேன் என்றேன். அம்மா இடுப்பில் கிள்ளினாள்.

"எங்க அக்கா. மாடியில இருக்காங்க" என்று பெண்ணின் அப்பா சரோஜா மேடத்தை அறிமுகப்படுத்தினார். அவர் என்னை அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் கும்பிட்டார். மாப்பிள்ளை என்னென்ன சமைப்பார் என்று அப்பா கேட்க, மாமா வத்தக்குழம்பில் ஆரம்பித்து வரிசையாக அடுக்கினார். மேடம் சுற்றாத ஃபேனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து, வழக்கப்படி, பெண்ணும் பையனும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். கைப்பிடிச் சுவரில், காலை வெயிலில், நான் காய்ந்துகொண்டிருந்தேன். சோப்பு போட்டுத் தேய்த்ததில் மெத்தைக் கறையின் விளிம்பு இன்னும் தெளிவாகியிருந்தது.

"நேத்து யாரோ ஒருத்தர் உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கிட்டு வந்து படுத்துட்டாராம்" என்றாள் ஹேமா. "யாருன்னு அத்தை வாயே திறக்க மாட்டேங்கறாங்க."

சொல்லிவிட்டு மெத்தையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பயத்தில் என் கழுத்து பழைய இடத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது? "நான்தாங்க" என்றேன். "சமைக்கவும் தெரியாது."

அவள் சிரித்துச் சிரித்து, தண்ணீர்த் தொட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் என்னதான் தெரியும் என்று கேட்டாள்.

"வெந்நீர் நல்லா வைப்பேன்."

"டீக்கு அது போதும்" என்றாள்.

ஹேமா தன் தம்பி மகள்தான் என்று முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்று மேடத்தை, அதாவது அத்தையை, பிற்பாடு கேட்டேன். சொல்லியிருந்தால் கழுத்து அங்கேயே மறுபடி பிடித்திருக்கும் என்றார். வாக்குக் கொடுத்தபடி இன்றுவரை அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணச் சீரில் வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் மெத்தையை விரித்து வைத்ததோடு சரி. மண்டபத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் மீதியை ஹேமா சொல்லிவிட்டாள்.

மெத்தை இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இப்போதும் போனை இடுக்கிக்கொண்டு பேசினால், ஹேமா பின்னால் வந்து என் தோளில் கட்டைவிரலை அழுத்துவாள் (சட்டையோடுதான்). ஆறு வயது மகள் அடிக்கடி அந்தக் கறைக்குள் படுத்து, எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று அளந்து பார்ப்பாள். போன வாரம் படுத்தவள், கறையின் சாய்ந்த தலையைத் தடவியபடி கேட்டாள்:

"அப்பா, இதுல கூட நீங்க யார்கிட்டப்பா போன் பேசறீங்க?"