தங்க நிற போர்க்கும் ஓட்டுகிறவர் எடையும்

அந்த வெள்ளிக்கிழமை ஒரு முடிவு எடுத்தேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நானாக எடுத்த முதல் முடிவு. என் பைக்கின் முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக் குலுக்கலைத் தாங்குகிற போர்க்கை மாற்றியே தீருவது.

வண்டிக்குப் பத்து வயசு. பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனிந்து ரோட்டைக் கும்பிடும். பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவிலில் என் ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் எழுபது கும்பிடு. அத்தனை பக்தி எனக்கே கிடையாது.

நான் ஆசைப்பட்டது பெரிய பைக்குகளில் வருகிற, தலைகீழாக மாட்டுகிற தங்க நிற போர்க். ஆசை என்று சொன்னால் என் மனைவி ஓமனா விடமாட்டாள். அவள் திருவட்டாறுக்காரி, தக்கலையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதனால் பின்னால் உட்காருகிற அவள் இடுப்பைக் காப்பாற்றத்தான் மாற்றுகிறேன் என்று சொன்னேன். மறுத்தால் சொல்ல மூன்று பதில்கள் தயாராக இருந்தன.

ஒன்றும் தேவைப்படவில்லை. "அது நல்ல காரியமாக்கும். போடுறதானா நல்லதாப் போடுங்க" என்றாள். நான் மனசுக்குள் விசிலடித்தேன்.

மறுநாள் காலை பார்வதிபுரத்தில் ராஜையன் ஒர்க்ஷாப்புக்கு அவளும் வந்தாள். மெக்கானிக் ராஜையன், ஓட்டுகிறவர் எடைக்குத் தக்க ஸ்பிரிங்கை போர்க்குக்குள் போட்டால்தான் சரியாக நிற்கும், எத்தனை கிலோ என்று கேட்டார். மனைவி பக்கத்தில் நிற்கிறாள். வயிற்றை எக்கிக்கொண்டு எழுபத்திரண்டு என்றேன். நிஜத்தில் எண்பத்தாறு. ஓமனா என் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள். போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றாள். போனேன்.

சாயங்காலம் வண்டி தயார். முன்பக்கம் தங்கமாக மின்னியது. ஊருக்குள் நுழைந்தபோது டீக்கடையே எழுந்து வந்து பார்த்தது. நாலு பேர் தொட்டுப் பார்த்தார்கள், ஒருவர் செல்ஃபி எடுத்தார். வீட்டில் என் சொல்தான் சட்டம் என்று அவர்களிடம் அடித்துவிட்டேன். நான் ஏறினால் மட்டும் முன்பக்கம் பொதுக்கென்று அமுங்கியது. புதுசு, பழகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓமனா சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கவா என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தேன்.

ஏறி உட்கார்ந்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி நின்றது போர்க். கியர் போட்டாள், கோயிலைச் சுற்றினாள், திரும்பி வந்து என் கால் பெருவிரலுக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் பிடித்தாள். வண்டி குனியவே இல்லை.

"ஏட்டி, நீ எப்ப ஓட்டப் படிச்ச?"

"லீமா வண்டியில படிச்சேன். லைசென்ஸ் எடுத்து மூணு மாசமாச்சு." லீமா அவளோடு வேலை பார்க்கிற நர்ஸ், இனயம் ஊர்க்காரி.

"இந்த ஸ்பிரிங் என் வெயிட்டுக்கில்லா போட்டது?"

"நீங்க டீ குடிக்கப் போனப்ப ராஜையன் அண்ணன்கிட்ட அம்பத்தாறுன்னு மாத்திச் சொன்னேன். நீங்க சொன்ன கணக்குந்தான் சரியில்லியே."

நான் தயாராக வைத்திருந்த மூன்று பதில்களும் வேறு கேள்விகளுக்கானவை.

திங்கட்கிழமை பஸ்ஸில் கடைசி சீட்டில் குலுங்கிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தங்கமாக ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, அருமையான வண்டி, யாருடையதாக இருக்கும் என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரியோடது" என்றேன்.