பல் டாக்டர் வீட்டு நாய் கடித்த வழக்கு

நாய் கடித்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை அந்தத் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை.

தையல்கடை மாஸ்டர் நொண்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தார். கெண்டைக்காலில் ரத்தம். கால்சட்டை கிழிந்து தொங்கியது. முகம் மட்டும் ஜொலித்தது. பின்னே, கடித்தது சாதாரண நாயா? எதிர்வீட்டுப் பல் டாக்டரின் நாய். அந்தத் தெருவிலேயே வசதியான வீடு அதுதான். காலைக் கழுவி, ஆஸ்பத்திரியில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு திரும்பி வருவதற்குள், மோட்டார் வைத்த புதுத் தையல் மெஷின் ஒன்றை மனசுக்குள்ளேயே வாங்கி, வீட்டு முன்னறையிலிருந்த கடையில் ஜன்னலோரமாகப் போட்டு, எண்ணெயும் விட்டுவிட்டார்.

"நஷ்டஈடு வாங்காம விடமாட்டேன். சட்டம் நம்ம பக்கம்" என்று மனைவியிடம் அறிவித்தார்.

மனைவி அவர் காலைப் பார்க்கவில்லை. கன்னத்தைப் பார்த்தாள். கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. அதற்கும் நாய்க்கும் சம்பந்தமில்லை. கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, மாதக்கணக்காக அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. அவர் இரவெல்லாம் முனகுவார். அவள் இரவெல்லாம் விழித்திருப்பாள். எதிரிலேயே பல் டாக்டர். தெருவைக் கடந்தால் போதும், மாஸ்டர் கடக்கமாட்டார். ஊசிக்கு அவர் பயப்படுகிற ஆளில்லை, நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவர். அந்தச் சாய்வு நாற்காலியையும் இடுக்கியையும் நினைத்தால்தான் பயம். அவள் கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றும் சொல்லிப் பார்த்தாள். பல் என்று இருந்தால் வலிக்கத்தான் செய்யும் என்பது மாஸ்டரின் மருத்துவ அபிப்பிராயம்.

"முதல்ல அந்தப் பல்லைப் பிடுங்கிட்டு வாங்க. சட்டத்தை அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

"வாயைப் பத்தி இப்ப என்ன பேச்சு? இது காலோட வழக்கு."

மாஸ்டரின் அதிர்ஷ்டம், மறுநாளே கருப்புக் கோட்டைப் பிரித்துத் தைக்க வக்கீல் ஒருவர் கடைக்கு வந்தார். இடுப்பளவு எடுக்கிற சாக்கில் மாஸ்டர் மொத்தச் சட்டத்தையும் கறந்துவிட்டார். நாயை வளர்க்கிறவர்தான் பொறுப்பு. கேட்டைத் தாழ்ப்பாள் போடாமல் விட்டது அவர் அசட்டை. வைத்தியச் செலவு, கெட்டுப்போன வேலை, கிழிந்த துணி, மன உளைச்சல், எல்லாவற்றுக்கும் கேட்கலாம். கிழிந்த கால்சட்டையை மட்டும் தைத்துவிடக் கூடாது, அதுதான் சாட்சி. மாஸ்டர் அதைக் கடை வாசலிலேயே தொங்கவிட்டார். இந்த மாதிரிதான் தைப்பீர்களா என்று கேட்டுவிட்டு இரண்டு வாடிக்கையாளர்கள் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் வக்கீல். "நாயை நீங்க சீண்டலையே? சீண்டியிருந்தா ஒண்ணும் கிடைக்காது."

மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். "நான் பாட்டுக்கு சும்மா போனேன்."

காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நடந்ததைக் கடை ஜன்னல் வழியாக அவள் முழுசாகப் பார்த்திருந்தாள்.

நடந்தது இதுதான். டாக்டரின் வெள்ளைக் கோட்டைக் கொடுக்க மாஸ்டர் போனார். கேட் சும்மா சாத்தியிருந்தது. வராந்தாவில் நாய் தூங்கிக்கொண்டிருந்தது. எதைப் பார்த்தாலும் கண்ணாலேயே அளவெடுக்கிற ஆள் மாஸ்டர். பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் தோளகலம் தெரியாவிட்டால் அவருக்கு இறங்க மனசு வராது. நாயோ சமீபத்தில் நன்றாகச் சதை போட்டிருந்தது. ஆசை யாரை விட்டது? குனிந்து, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, அதன் வயிற்றைச் சுற்றி அளவு பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல், பழக்கதோஷம், ஒரு இழுப்பு இழுத்துப் பிடித்தார். ரொம்ப இறுக்கமாக இருக்கிறது என்று அந்த இடத்திலேயே வாயால் தெரிவித்த முதல் வாடிக்கையாளர் அந்த நாய்தான்.

வக்கீல் கிளம்பும்போது, முதலில் சுமுகமாகக் கேட்டுப் பாருங்கள், சரிவராவிட்டால் நோட்டீஸ் அனுப்பலாம் என்றார். எதிர்த்தரப்பின் முன்னால் மாஸ்டர் வாயே திறக்கக் கூடாது, எதையாவது உளறி வைப்பார், வேறு யாராவது பேசட்டும் என்றும் சொன்னார்.

"நான் பேசறேன்" என்றாள் மனைவி.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிக்கொண்ட நாள் முதல் அவருடைய திட்டம் எதற்கும் அவள் இப்படி ஓடிவந்து கைகொடுத்ததில்லை.

அன்று சாயங்காலமே போனார்கள். மாஸ்டர் கேட் வரை வலது காலை நொண்டினார், வராந்தாவில் இடது காலை நொண்டினார், கூடத்துக்குள் நுழையும்போது இரண்டையும் நொண்டினார். டாக்டர் நல்ல மனிதர், பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். மூலையில் படுத்திருந்த நாய் மாஸ்டரைப் பார்த்து ஒற்றைக் காதைத் தூக்கியது.

"வலியில இவர் வாயே திறக்கறதில்லை டாக்டர்" என்று ஆரம்பித்தாள் மனைவி.

மாஸ்டர் முனகினார். மோட்டார் மெஷினுக்குத் தகுந்த முனகல்.

"சாப்பாடு இறங்கலை. ரொட்டியைப் பால்ல ஊறவைச்சுக் குடுக்கறேன். தூக்கம் கிடையாது. கன்னத்தைப் பாருங்க, எப்படி வீங்கியிருக்குன்னு."

"கால்ல கடிச்சா கன்னம் வீங்காதேம்மா" என்றார் டாக்டர். ஆனால் தொழில் யாரை விட்டது? அவர் கண் கன்னத்திலேயே நின்றுவிட்டது.

மாஸ்டர் பூரித்துப்போனார். காலுக்குக் கேட்க வந்த இடத்தில் கன்னத்தையும் கணக்கில் சேர்க்கிறாளே, என்ன சாமர்த்தியம். வேகவேகமாகத் தலையாட்டினார்.

"எது எதனாலன்னு நாங்க கேக்கலை டாக்டர். நீங்க தாழ்ப்பாள் போடலை, நாய் கடிச்சுது. பொறுப்பு உங்களோடதுதானே?"

"என்னோடதுதான், மறுக்கலை. ஊசி, மருந்து, கால்சட்டை, எல்லாம் நான் பாத்துக்கறேன். அதுக்கு மேல என்ன வேணுமோ கேளுங்க, செய்யறேன்."

மாஸ்டரின் காதுக்குள் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. கேளு, கேளு என்று கண்ணாலேயே மனைவிக்கு ஜாடை காட்டினார். அவளும் கேட்டாள்.

"பணமெல்லாம் வேண்டாம் டாக்டர், அக்கம்பக்கம் இருக்கோம். இவரோட அந்தச் சொத்தைப் பல்லைப் பிடுங்கி விட்டுடுங்க. இந்த விவகாரம் இதோட முடிஞ்சுது."

மாஸ்டர் துள்ளி எழுந்தார். இரண்டு காலும் கல்லு மாதிரி நின்றன. "டாக்டர், நான் என்ன சொல்றேன்னா..." என்று வாயைத் திறந்தார்.

மனைவி அவசரமில்லாமல் பையிலிருந்து டேப்பை எடுத்து மடியில் வைத்து நீவினாள். மூலையில் நாய் எழுந்து நின்றது.

"நீங்களே பேசறீங்களா? நல்லதாப் போச்சு. அன்னைக்கு என்ன நடந்துதுன்னு ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க" என்றாள்.

மாஸ்டர் டேப்பைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். வாயை மூடப்போனார்.

"மூடாதீங்க மாஸ்டர், அப்படியே வைங்க" என்றார் டாக்டர். "இதோ பக்கத்து ரூம்தான்."

சாய்வு நாற்காலியில் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பிடிக்கவேண்டிய இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு கிடந்தார். பல் எப்போது வந்தது என்றே தெரியவில்லை. வலிக்கவும் இல்லை. அதுதான் அவருக்கு ஆத்திரம். இத்தனை மாதம் பயந்ததற்காவது கொஞ்சம் வலித்திருக்கலாம். மனைவியோ வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்றைக்குத் தூங்கலாம் என்ற நினைப்பே அவளுக்கு அழுகையை வரவழைத்தது. நாய் அவள் காலடியில் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு ஒரு சுற்றுப் பார்த்தார். "மேல்வரிசையில இன்னும் ரெண்டு சொத்தை இருக்கேம்மா."

மரத்துப்போன வாயோடு மாஸ்டர் இல்லை இல்லை என்று கையை ஆட்டினார்.

மனைவி நாயின் தலையைத் தடவிக்கொடுத்தாள். "ஒரு கடிக்கு ஒரு பல்லுன்னுதானே டாக்டர் பேச்சு? மிச்சம் ரெண்டுக்கும் நாளைக்கு இவரை மறுபடி அனுப்பறேன். நீங்க கேட்டை மட்டும் தாழ்ப்பாள் போடாம வைங்க."